பாடத்திட்டமா, சொதிப் படமா: எதை முதலில் முடிப்பது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர், வயது 36. சனி, ஞாயிறு காலையில் வீட்டு முன்னறையில் 11 பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறார், தலைக்கு மாதம் 700 ரூபாய். பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்று ஜூனிலிருந்து வாரம் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறது. 6, 7, 8ஆம் வகுப்புகளுக்கு வருடம் முழுவதற்குமான ஓவியப் பாடத்திட்டத்தை மே 31க்குள் எழுதித் தர வேண்டும். இதே சமயத்தில் சமையல் குறிப்பைப் படமாக வரைந்து அனுப்பும் போட்டிகள் மூன்று வந்து நிற்கின்றன. ஒரு மசாலா நிறுவனத்துடையது, கடைசி நாள் மே 20. நுழைவுக் கட்டணமாக 3,000 ரூபாய் கேட்கும் வெளிநாட்டுப் போட்டி ஒன்று, ஜூன் 30. ஓர் இதழின் தீபாவளி மலருக்கான ‘எங்கள் ஊர்ச் சமையல்’, ஆகஸ்ட் 31. மூன்றுக்கும் மாமியாரின் சொதியைத்தான் (தேங்காய்ப் பாலில் காய் போட்டு வைக்கும் நெல்லைக் குழம்பு) வரைய நினைக்கிறார். இதுவரை பாடத்திட்டத்தில் ஒரு வரி எழுதவில்லை, சொதியும் பென்சிலோடு நிற்கிறது. போன வருடம் இரண்டு போட்டிக்கு அனுப்பி இரண்டிலும் ஒன்றும் வரவில்லை, கணவர் “வெட்டி வேலை” என்கிறார். எதை விடுவது என்பதுதான் கேள்வி.

வணக்கம். முதலில் மசாலாப் போட்டியை விட்டுவிடுங்கள். இதற்கு யோசனையே வேண்டாம். நீங்களே விதிமுறையிலிருந்து ஒரு வரியைக் கடிதத்தில் எடுத்து எழுதியிருக்கிறீர்கள்: வந்து சேரும் எல்லாப் படங்களும் நிறுவனத்தின் உடைமை. பரிசு பெறும் படங்கள் என்று போட்டிருந்தால்கூடப் பேசலாம், எல்லாப் படங்களும் என்று இருக்கிறது. அதாவது ஒருவருக்கு 25,000 ரூபாய் கொடுத்துவிட்டு மற்ற அத்தனை பேர் வரைந்ததையும் சும்மா வாங்கிக்கொள்கிறார்கள். இது எனக்கு நடந்திருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால் ஓர் உணவுப்பொருள் நிறுவனத்தின் போட்டிக்குக் குழிப்பணியாரம் வரைந்து அனுப்பினேன், பரிசு இல்லை, மறந்தும் போனேன். அப்புறம் ஒருநாள் மளிகைக்கடையில் மாவு பாக்கெட்டின் பின்பக்கம் என் பணியாரக்கல், என் எண்ணெய்க் கிண்ணம், என் அத்தை கை. ஃபோன் செய்து கேட்டதற்கு ஓர் அம்மா பொறுமையாக விதிமுறையை வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டது நான், யாரைக் குறை சொல்ல? இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன், மாவும் சுமார்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இது வரைகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்களாக வரைந்த படத்துக்கு நீங்கள்தான் முதல் உரிமையாளர், உங்கள் ஆயுளுக்கும் அதற்கு அப்புறம் 60 ஆண்டுக்கும் அந்த உரிமை உண்டு. அதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பதானால் 19ஆம் பிரிவின்படி எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் விட்டால் 5 வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாமல் விட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே போட்டி விதியில் ‘நிரந்தரமாக’, ‘உலகமெங்கும்’ என்ற இரண்டு சொல்லையும் பார்த்தால் அவை அலங்காரத்துக்குப் போட்டவை என்று நினைக்காதீர்கள். ஒரு வக்கீல் யோசித்துப் போட்டது. அங்கேயே நின்று இரண்டு தடவை படியுங்கள்.

இன்னொன்று, கூலிக்கு வரைவது. யாராவது காசு கொடுத்து ‘எனக்கு ஓர் ஓவியம் தீட்டிக் கொடுங்கள்’ என்று சொல்லி நீங்கள் தீட்டினால், வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாதபட்சத்தில் அந்த உரிமை காசு கொடுத்தவருக்கே முதலில் போகும், 17ஆம் பிரிவு. போட்டி அப்படி இல்லை, உங்களை யாரும் அமர்த்தவில்லை. இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால் அதே 17ஆம் பிரிவு உங்கள் பள்ளி விஷயத்திலும் வந்து உட்காரப்போகிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது வெளிநாட்டுப் போட்டி. மோசமானது என்று சொல்லமாட்டேன், அங்கே கலை இயக்குநர்கள் கண்ணில் பட்டு வேலை கிடைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் 3,000 ரூபாய் என்பது உங்கள் வகுப்பில் நான்கு பிள்ளைகளின் ஒரு மாதக் கட்டணத்தைவிட 200 ரூபாய் அதிகம். ஜூன் 30 என்பது நீங்கள் புதுப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த முதல் மாதக் கடைசி, அந்த மாதத்தில் உங்களால் பிள்ளைகளின் பெயரைக்கூட மனசில் வைக்க முடியாது. இந்த வருடம் வேண்டாம். அடுத்த வருடம் வேறொரு படம் கையில் தயாராக இருந்தால் அனுப்புங்கள். படம் இருந்து போட்டியைத் தேட வேண்டும். போட்டியைப் பார்த்துவிட்டுப் படத்தைத் தேடினால் நடு ராத்திரியில் ‘சால்ட் டு டேஸ்ட்’ என்று எழுதிக்கொண்டிருப்போம், அப்படி எழுதிய படம் என்னிடமே மூன்று இருக்கிறது.

மிச்சம் தீபாவளி மலர். அது சரி. பிரசுரமாகும் படத்துக்குத் தனியாகச் சன்மானம் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒருமுறை வெளியிடும் உரிமை மட்டும்தான் கேட்கிறார்கள், சொதி என்றால் என்ன என்று விளக்கிச் சொல்ல வேண்டாத வாசகர்களும் பல பேர் இருக்கிறார்கள். அச்சில் வந்த பக்கம் ஒன்று கையில் இருந்தால் அடுத்த வேலை கேட்கப் போகும்போது அதை நீட்டலாம். ஆகஸ்ட் வரை நேரமும் இருக்கிறது.

நேரக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ராத்திரி 9 மணிக்கு மேல் 11 மணி வரை, வாரத்தில் நான்கு நாள்தான் உங்களுக்குக் கிடைக்கிறது என்கிறீர்கள். ஆக வாரத்துக்கு 8 மணி நேரம், மே மாதம் முழுக்க 32. சமைத்துப் பார்ப்பது, சின்னக் கட்டங்களில் ரஃப், பென்சில், எழுத்து, வண்ணம், ஸ்கேன் என்று ஒரு சமையல் படத்துக்கு என் கையில் 25 மணி நேரம் போகும், உங்களுக்கும் அவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்துக்கு 20 மணி நேரமாவது வேண்டும். 45 மணி நேர வேலையை 32க்குள் அமுக்கப் பார்த்துவிட்டு, முடியவில்லை என்றதும் ‘எனக்கு ஒழுங்கு இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்கெல்லாம் இருக்கிறது, கூட்டல் இடிக்கிறது.

ஆகவே மே மாதம் பாடத்திட்டம் மட்டும். சொதிப் படத்தைச் சுருட்டி பீரோ மேலே வையுங்கள்.

ஆனால் பாடத்திட்டத்தை நீங்கள் யோசிக்கும் விதத்தில் ஒரு சிக்கல் தெரிகிறது. மூன்று வகுப்புக்கு வாரம் ஒன்றாக 40 வாரம், ஆக 120 பாடம் எழுத வேண்டும் என்று பயந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பள்ளியில் 40 வாரமும் ஓவியம் நடக்கும் என்று யார் சொன்னார்கள்? காலாண்டு, அரையாண்டு, விளையாட்டு விழா, ஆண்டு விழா, ஐப்பசி மழைக்கு விடும் லீவு எல்லாம் போகும். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து ஓவிய பீரியடைக் கடன் கேட்பார், அந்தக் கடனை இதுவரை யாரும் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. 30 பீரியட் கிடைத்தால் பெரிய விஷயம். அதில் சுதந்திர தினப் போஸ்டர், பொங்கல் பானை, தலைமை ஆசிரியை திடீரென்று கேட்கும் வரவேற்புப் பலகை என்று 6 பீரியட் ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் 24. ஒரு பொருளுக்கு இரண்டு பீரியட் என்றால் 12 பொருள். பீரியட் 40 நிமிஷம், உட்கார வைக்க 5, எடுத்து வைக்க 5, ஆக 30 நிமிஷம்தான் கையில் பென்சில் இருக்கும், அதனால்தான் ஒரு பொருளுக்கு இரண்டு.

அந்த 12 பொருளும் உங்கள் சொதியிலேயே இருக்கின்றன. சின்ன வெங்காயம், பூண்டு, முருங்கைக்காய், பச்சை மிளகாய், இஞ்சி, உருளைக்கிழங்கு, எலுமிச்சை, கறிவேப்பிலை, தேங்காய் மூடி, தேங்காய்த் துருவி, அகப்பை, உருளி. எண்ணிப் பாருங்கள். எல்லாம் எந்த வீட்டுச் சமையலறையிலும் இருப்பவை, பிள்ளைகள் பையில் போட்டு எடுத்து வரலாம் (துருவியை மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது). மூன்று வகுப்புக்கும் ஒரே பொருள்தான், ஆனால் கேட்பது வேறு. 6ஆம் வகுப்புப் பிள்ளை சின்ன வெங்காயத்தைப் பார்த்து வெளிக்கோடு போட்டால் போதும், குறுக்கே வெட்டியதில் வளையத்துக்குள் வளையம் எப்படி அடங்குகிறது என்று பார்த்தால் போதும். 7ஆம் வகுப்பு அதே வெங்காயத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கட்டும். 8ஆம் வகுப்பு மூன்று வெங்காயத்தை ஒரு பக்கத்தில் எங்கே வைத்தால் நன்றாக இருக்கும் என்று யோசிக்கட்டும். உருளியில் வாயின் நீள்வட்டம், முருங்கைக்காயில் நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் எப்படிக் குறைந்து தெரிகிறது என்பது, கறிவேப்பிலையில் ஈர்க்கு நெடுக இலை அடுக்கியிருக்கும் முறை, தேங்காய் மூடியில் கறுப்பும் வெள்ளையும். இப்போது நீங்கள் எழுத வேண்டியது 12 தாள், ஒவ்வொன்றிலும் வகுப்புக்கு நான்கு வரி: எதைப் பார்க்க வேண்டும், கை எதைப் பழக வேண்டும், என்ன சாமான், முடிவில் நோட்டில் என்ன நிற்கும். இதை 20 மணி நேரத்தில் முடிக்கலாம். ஒரு ராத்திரிக்கு ஒரு தாள் என்று போனால்கூட மூன்று வாரம்தான்.

பள்ளிக்குத் தண்ணீர் வண்ணம் எழுதிவிடாதீர்கள். 40 பிள்ளைகள், 40 தம்ளர் தண்ணீர், ஒரே குழாய். நான் முதல் வருடம் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, நாலாவது வாரம் ஒரு பையனின் அறிவியல் ரெக்கார்டு நோட்டு முழுக்க நனைந்து அவன் அம்மா வந்து நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பென்சில், கறுப்புப் பேனா, கலர் பென்சில் போதும். தண்ணீர் வண்ணத்தை உங்கள் வீட்டு வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே 11 பேர்தான்.

வீட்டு வகுப்பில்தான் சொதிப் படத்துக்கான வழியே இருக்கிறது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் சனி ஞாயிறு அதே சொதிச் சாமானை அங்கே நடத்துங்கள். பிள்ளைகளுக்கு வரைந்து காட்டுவீர்கள் அல்லவா, அதை சார்ட்டில் போட்டுக் காட்டிவிட்டு மடித்துப் போடாமல் உருப்படியான தாளில், தடித்த 300 ஜிஎஸ்எம் தாளைக் கால் பக்கமாக வெட்டி அதில் போடுங்கள், தேதி எழுதி வையுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு தாள் என்றால் ஜூலை முடியும்போது 16 தாள் இருக்கும். வெங்காயத்தில் எந்த ஊதா ஒத்து வந்தது, கறிவேப்பிலைக்கு சாப் கிரீன் என்ற பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறது, துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு சேர்த்தால் இலையாகிறது என்பதெல்லாம் அதற்குள் உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும். ஆகஸ்டில் போட்டிப் படத்துக்கு உட்காரும்போது நீங்கள் வரையப் பழகவேண்டிய பொருள் ஒன்றும் பாக்கியிருக்காது, அடுக்குவதும் எழுதுவதும்தான் பாக்கி. 25 மணி நேரம் 12க்கோ 14க்கோ இறங்கும், இரண்டு வாரம் போதும்.

ஏன் இதைப் பள்ளியில் செய்யாமல் வீட்டில் செய்யச் சொல்கிறேன் என்றால், அந்த 17ஆம் பிரிவு. நீங்கள் ஒரு பள்ளியின் ஊழியராக, அந்த வேலையின் பகுதியாக வரைந்ததும் எழுதியதும், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் பள்ளிக்குச் சொந்தம். வாரம் இரண்டு நாள் வந்துபோகும் உங்களை ஊழியர் என்பார்களா, வெளியாள் என்பார்களா என்பது நியமனக் கடிதத்தில் இருக்கும் சொற்களைப் பொறுத்தது, சண்டை வந்தால்தான் தெரியும். அந்த நிலைமைக்கு ஏன் போக வேண்டும்? கடிதம் தரும்போதே ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: ‘பாடத்திட்டத்தைப் பள்ளி பயன்படுத்தலாம், அதன் உரிமையும் ஆசிரியரின் ஓவியங்களின் உரிமையும் ஆசிரியருக்கே.’ கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள், பெரும்பாலும் யாருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்தும் இருக்காது, சரி என்று தட்டச்சு செய்து தந்துவிடுவார்கள்.

ஒரு எல்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு நேரத்தில் வரைந்து காட்டுவது 10 நிமிஷம், அவ்வளவுதான். அதற்கு மேல் உங்கள் தூரிகை ஓடினால் அது உங்கள் படமாகிவிடும். எனக்கு இது ஒரு 9 வயதுப் பையன் சொல்லித்தான் புரிந்தது. போட்டி நாள் நெருங்கியிருந்தது, வரைந்து காட்டுகிற சாக்கில் நான் அரை மணி நேரமாக ஒரு மீனின் செதிலில் மூழ்கிப்போயிருக்கிறேன், பக்கத்தில் வந்து நின்று, “மிஸ், இது எங்களுக்கு வரையறீங்களா, உங்களுக்கா?” என்று கேட்டான். கோபமில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதேபோல் பிள்ளைகள் வரைந்த எதையும் உங்கள் படத்தின் ஓரத்தில்கூடச் சேர்க்காதீர்கள், அழகாக இருந்தாலும்.

சரி, சொதிக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பென்சில் ரஃப்பைப் பார்த்தேன். நடுவில் பெரிய உருளி, சுற்றிக் காய்கறி வட்டமாக, மேலே ரிப்பனில் தலைப்பு. நன்றாகத்தான் வரைந்திருக்கிறீர்கள், ஆனால் இதையே சாம்பார் என்று தலைப்பு மாற்றினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. போன வருடம் அனுப்பிய இரண்டும் இப்படித்தான் இருந்தனவோ என்று சந்தேகமாக இருக்கிறது. சொதிக்கென்று ஒரு விஷயம் இருக்கிறதே, மூன்று பால். தேங்காயை அரைத்துப் பிழிந்து முதல் பால் எடுத்து வைத்து, தண்ணீர் விட்டு இரண்டாவது, மறுபடி மூன்றாவது. காய் வேகுவது மூன்றாம் பாலில், வேகவைத்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்ந்து அது கொதி வந்த பிறகு கடைசியாக முதல் பால், உடனே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும், எலுமிச்சை அதற்கும் அப்புறம். அதாவது எடுத்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் உள்ளே போகிறது. இதுதான் உங்கள் படம். பக்கத்தின் குறுக்கே மூன்று கிண்ணத்தை வையுங்கள், இடமிருந்து வலமாக நீர்த்ததிலிருந்து திக்கானது வரை, கதை அந்த வழியில் நடக்கட்டும்.

அதை எப்படித் தீட்டுவது என்றால், தண்ணீர் வண்ணக்காரருக்கு இதைவிட வசதியான சமையல் உலகத்தில் கிடையாது. வண்ணத்தில் தண்ணீர் கூடக்கூட என்ன ஆகும் என்பதை நாம் முதல் வகுப்பிலேயே மூன்று கட்டம் போட்டுச் சொல்லித் தருகிறோம், உங்கள் மாமியார் அதைத்தான் அடுப்படியில் செய்கிறார். முதல் பாலுக்குத் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள், வெள்ளை வண்ணத்தைத் தொடவே வேண்டாம், கிண்ணத்தின் உள்நிழலையும் சுற்றியிருக்கும் மேசையையும் அழுத்தமாகப் போட்டால் பால் தானாகத் தெரியும். இரண்டாம் பாலுக்கு மிக நீர்த்த யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) ஒரு வாஷ், அதாவது ஒரே சீரான மெல்லிய பூச்சு. மூன்றாம் பாலுக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலை நன்றாக நீர்த்து, அடிக்கிண்ணம் லேசாகத் தெரிகிற மாதிரி. உருளியில் முடிவாக நிற்கும் சொதிக்குப் பாசிப்பருப்பின் வெளிர் மஞ்சள். இந்த மூன்று வாஷையும் வீட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருநாள் நிஜத் தேங்காய்ப் பாலை முன்னால் வைத்துச் செய்துகாட்டுங்கள், மிச்சப் பாலில் வெல்லம் போட்டுக் கொடுத்துவிடலாம்.

எண்ணிக்கையில் கவனம். குறிப்பில் சின்ன வெங்காயம் 15 என்று எழுதியிருக்கிறீர்கள், படத்தில் 11 இருக்கிறது. நான் எண்ணினேன், நடுவரும் எண்ணுவார். படமாக வரும் குறிப்பில் படம்தான் அளவு, பச்சை மிளகாய் 5 என்றால் 5 வரைய வேண்டும், ஒன்று பாதி ஒளிந்திருக்கலாம், ஆனால் இருக்க வேண்டும். ‘ஒரு மூடி’ என்று எழுதுவதைவிட மூடியையே வரைந்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் சொதியே வைக்கத் தெரியாத ஒருவரிடம் படத்தை மட்டும் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள், கணவர் இருக்கிறாரே. எங்கே தடுமாறுகிறாரோ அங்கே படத்தில் ஓட்டை.

எழுத்து பற்றி. மாமியாரின் நோட்டில் பழைய லை, ணை எல்லாம் தும்பிக்கை வளைவோடு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் கை அப்படித்தான் எழுதும். ‘கறிவேப்பிலை’யிலும் ‘முருங்கை இலை’யிலும் வரும் அந்தப் பழைய லை கொடி மாதிரி வளைந்து நிற்கும், அதை எந்த எழுத்துருவிலும் தேடி அலையாதீர்கள், நோட்டிலிருந்து கையால் பெயர்த்து எழுதுங்கள். தலைப்புக்கு மட்டும். செய்முறை இன்றைய எழுத்தில் இருக்கட்டும், படிக்க முடியாமல் போனால் சொதி கெட்டுப்போகும். ரிப்பனை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அச்சுக்கான சின்ன விஷயங்கள். இரண்டு பக்கம் விரித்த அளவு கேட்டிருக்கிறார்கள், அது ஏ3 என்றால் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 4961க்கு 3508 பிக்சல் வர வேண்டும். நடுமடிப்பு எங்கே விழும் என்று பென்சிலிலேயே கோடு போட்டு, அதன் மேல் எழுத்தும் முக்கியமான பொருளும் வராமல் பாருங்கள், உங்கள் ரஃப்பில் உருளி சரியாக மடிப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக வண்ணம் ஓடட்டும். ஸ்கேன் எடுப்பதுதான் நல்லது, ஏ3 ஸ்கேனர் கிடைக்காவிட்டால் இரண்டாக எடுத்து ஒட்டலாம், ஃபோனில் எடுத்தால் தாளின் வெள்ளை சாம்பலாகி மூன்று பாலும் ஒன்றாகிவிடும். ரஃப், பென்சில் தாள், அந்த 16 பழகுதாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கணினி தானாக வரைந்த படமா என்ற சந்தேகம் இப்போது எல்லார் மேலும் வருகிறது, கேட்டால் காட்டச் சான்று வேண்டும்.

மாமியாரின் குறிப்பை எடுத்துப் போடலாமா, அது ஊரில் எல்லார் வீட்டிலும் வைப்பதாயிற்றே, யாராவது உரிமை கேட்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். சொதி வைக்கும் முறைக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது, அதை ஒருவர் எழுதியிருக்கும் வாக்கியங்களுக்குத்தான் உண்டு. உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். ஆனால் மாமியாரிடம் கேட்டுவிட்டு, மூலையில் அவர் பெயரையும் போடுங்கள், அது சட்டத்துக்காக இல்லை, நீங்கள் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

கணவர் சொல்வது பாதி சரிதான். வருடத்துக்கு ஐந்து போட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப் படம், எல்லாவற்றிலும் உரிமையைக் கொடுத்துவிட்டு வருவது என்றால் வெட்டி வேலைதான். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ, வகுப்பில் பழகிய பொருளிலிருந்து வருவது, தோற்றாலும் படம் உங்களிடமே இருப்பது, இதை அவர் அப்படிச் சொல்ல முடியாது. அவரிடம் இதை வாதாடி நிரூபிக்காதீர்கள், மேலே சொன்ன மாதிரி அவரைச் சமைக்க விடுங்கள்.

கடைசியாக, பின்குறிப்பில் ஒன்று கேட்டிருந்தீர்கள்: கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்தில் சொதியோடு இஞ்சித் துவையல் கட்டாயம் இருக்கும், அதையும் இதே படத்தில் சேர்க்கலாமா என்று. செய்முறையைச் சேர்க்காதீர்கள், இடம் போதாது. இலையின் ஓரத்தில் ஒரு சின்ன உருண்டையாக, பெயர் எழுதாமல் வைத்துவிடுங்கள். நெல்லைக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் மாமியாரின் நோட்டை ஸ்கேன் எடுக்கும்போது அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்ணெய்க்கறையைக் கணினியில் துடைத்துவிடாதீர்கள்.